8 ஜிபியோடு 16 ஜிபி: கலந்து போட்ட ராமின் நீண்டகால அனுபவம்

ராமை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், கம்பெனி மாறினால் சிஸ்டம் தொங்கிவிடும் என்று கடைகளில் அடித்துச் சொல்வார்கள். என் டெஸ்க்டாப் 2021-லிருந்து கலப்பு ராமில்தான் ஓடுகிறது. ஐ5-10400 பிராசஸர், நான்கு ஸ்லாட் உள்ள பி460 போர்டு. முதலில் டிடிஆர்4 வகையில், 2666 வேகத்தில் ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக்தான் இருந்தது. குரோமையும் போட்டோஷாப்பையும் சேர்த்துத் திறந்தாலே திணறும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறு கம்பெனியின் 3200 வேக 16 ஜிபி ஸ்டிக்கை வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை ராமால் ஒரு நீலத்திரைகூட வந்ததில்லை.

புது ஸ்டிக்கைப் போட்டு முதல் முறை ஆன் செய்தபோது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. போர்டு இரண்டு ஸ்டிக்குக்கும் ஒத்துவரும் வேகத்தைத் தேடிப் பார்க்கும் நேரம் அது. அவசரப்பட்டு பவரை அணைக்காதீர்கள்.

டாஸ்க் மேனேஜரில் 2666 என்றே காட்டியது. பழைய ஸ்டிக் மட்டும் அதற்குக் காரணமில்லை. இந்த போர்டில் ஐ5-10400 அதற்கு மேல் போகாது. சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்கத் தொடங்க ராம் எடுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை. பெட்டியில் சிஎல்22 என்று பார்த்து, பழையது சிஎல்19 ஆயிற்றே, புதியது மெதுவோ என்று பலர் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டால் 3200-ல் சிஎல்22 என்பது 13.75 நானோ செகண்ட், 2666-ல் சிஎல்19 என்பது 14.25. எண் பெரிதாக இருப்பதால் மட்டும் ஸ்டிக் மெதுவாகிவிடாது. வேகம் இறங்கும்போது அந்த எண்ணும் சேர்ந்தே இறங்கும்.

எனக்கு உண்மையில் பலன் தந்தது இரட்டைச் சேனல், அதாவது ராமும் பிராசஸரும் ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில் பேசுவது. பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டேன். 8-ம் 16-ம் சேர்ந்தால் முதல் 16 ஜிபி இரட்டைச் சேனலாகவும் மிச்ச 8 ஒற்றையாகவும் நடக்கும். இன்டெல் இதை ஃப்ளெக்ஸ் மோடு என்கிறது. ஒற்றைச் சேனலில் நொடிக்கு 21.3 ஜிபி என்றால் இரட்டையில் 42.6. இது காகிதக் கணக்குதான். ஆனாலும் பெரிய போட்டோ பைல்களைத் திறக்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

தம்பி வீட்டில் கதை வேறு. அவனுடையது ரைசன் 5600ஜி. எக்ஸ்எம்பி (கம்பெனி ஸ்டிக்கிலேயே எழுதி வைத்த அதிவேக அமைப்பு) உள்ள 3200 சிஎல்16, 1.35 வோல்ட் ஸ்டிக்கோடு சாதா 3200 சிஎல்22, 1.2 வோல்ட் ஸ்டிக்கைச் சேர்த்திருந்தான். எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் கேம் நடுவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். சிஎல்16 ஸ்டிக்குக்கு எழுதிய அமைப்பு இன்னொன்றுக்கும் சேர்த்துப் போனால் அது எப்படித் தாங்கும்? சரி, ஆஃப் செய்யலாம் என்றால் இரண்டும் 2400-க்கு விழுந்தன. எக்ஸ்எம்பி ஸ்டிக்குகள் பலவற்றின் அடிப்படை வேகமே அவ்வளவுதான், பெட்டியில் அதைப் பெரிதாகப் போடமாட்டார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத 5600ஜிக்கு ராம் வேகம்தான் உயிர். கேமில் அது அப்படியே தெரிந்தது. போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் வேகம் 3200, சிஎல்லும் அதோடு சேர்ந்த மற்ற எண்களும் 22-22-22-52 என்று கையால் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ இரவு முழுக்க ஓட விட்டோம். ஒரு பிழைகூட இல்லை. அதன் பிறகு கேமும் நின்றதில்லை.

வாங்கும் முன் சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து, ஸ்டிக்கின் விவரம் காட்டும் எஸ்பிடி பக்கத்தில் பழைய ஸ்டிக்கின் அடிப்படை வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயரைவிட அதுவும் வோல்ட்டேஜும் ஒத்துப்போவதுதான் முக்கியம். மெம்டெஸ்டில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், அப்போதும் வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வேலை செய்த பைல் சத்தமில்லாமல் கெட்டுப்போவது ரீஸ்டார்ட் ஆவதைவிட மோசம்.

இதெல்லாம் டிடிஆர்4-க்குத்தான். டிடிஆர்5-ல் கலக்க நான் சொல்லமாட்டேன். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு போட்டால் 3600. அங்கே பழையதை விற்றுவிட்டு, பெரிய அளவில் ஒரே ஜோடியாக வாங்கிவிடுங்கள்.