கைவேலை ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர்: வேலூரில் இரண்டு கோடைகளுக்குப் பிறகு

வேலூர் லாங் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கோயில் திருவிழாக்களுக்கான மைக் செட்டுகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் சொல்லிச் செய்த இரண்டு சானல் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர், சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் மாடி வீட்டுக் கூடத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் கொடுத்த விலை 11,800 ரூபாய். 8 ஓம் புக் ஷெல்ப் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஏற்கெனவே என்னிடம் இருந்தவை. கடையில் அசெம்பிள் செய்த செட்டை நம்பி வாங்கலாமா என்று நண்பர்கள் பலர் கேட்பதால், கருவியின் நிறைகுறைகளையும் அதை வைத்துப் பராமரிக்கும் முறையையும் சேர்த்து எழுதுகிறேன். வாங்கலாம் என்பதுதான் என் முடிவு. உள்ளே என்ன போட வேண்டும் என்று தெரிந்து கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு அதற்குக் காற்றும் ஒழுங்கான எர்த்தும் கொடுக்க வேண்டும்.

முதலில் டிரான்ஸ்பார்மர். என் செட்டில் இருப்பது 30-0-30 வோல்ட், 5 ஆம்பியர், முழுக்கச் செம்புக் கம்பி சுற்றியது. அலுமினியக் கம்பி சுற்றியது விலை குறைவு; ஆனால் அதே அளவுக் கம்பியில் அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட அதிகம் என்பதால் சூடும் அதிகம். ஆகவே செம்புதான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக (டிசி) மாற்றும் ரெக்டிபையரைக் கடந்து வரும் நேர்மின் அழுத்தம் இரு பக்கமும் ஏறத்தாழ 42 வோல்ட். அதை 10,000 மைக்ரோ பாரட், 63 வோல்ட் கெபாசிட்டர்கள் இரண்டு தேக்கி வைக்கின்றன. எங்கள் தெருவில் நள்ளிரவுக்கு மேல் வீட்டு மின்சாரம் 230-லிருந்து 250 வோல்ட் வரை ஏறுவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். அப்போதும் கெபாசிட்டருக்குப் போதிய இடைவெளி இருக்கிறது. ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் பகுதியில், இங்குள்ள மெக்கானிக்குகள் எல்லோரும் கைப்பழக்கமாகப் பயன்படுத்தும் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி, ஒவ்வொரு சானலுக்கும் இரண்டு.

இதன் திறன் சானலுக்கு 60 வாட் என்று மெக்கானிக் சொன்னார். அது நேர்மையான கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கரில் 60 வாட் கிடைக்க உச்ச அழுத்தம் 31 வோல்ட் போதும். 42 வோல்ட் சப்ளையில் அது தாராளமாகக் கிடைக்கும். பேரங்காடியில் '2000 வாட்' என்று பெட்டியில் அச்சிட்டு விற்ற ஒரு செட்டை முன்பு வாங்கி ஏமாந்திருக்கிறேன். அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது 12 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். பெருக்கினால் 36 வாட்தான் வருகிறது. உள்ளே வருவதைவிட அதிகமான மின்சாரம் தொடர்ந்து வெளியே போக வழியே இல்லை. வாட் கணக்கில் ஐயம் வந்தால் டிரான்ஸ்பார்மரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் கேட்டுப் பெருக்கிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

நான் வற்புறுத்திக் கேட்டுச் சேர்த்த ஒரு பகுதி ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு. சுவிட்சைப் போட்டதும் மூன்று, நான்கு வினாடி அமைதியாக இருந்து, பிறகு 'டக்' என்று ரிலே (மின்காந்த சுவிட்ச்) பிடித்த பின்னரே ஸ்பீக்கர் இணையும். தொடக்கத்தில் வரும் 'தொம்' சத்தம் தவிர்க்கப்படுவது அதன் சிறிய பயன்; பெரிய பயன் வேறு. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் 42 வோல்ட் நேர்மின்சாரம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம் அளவில்தான் இருக்கும். முந்நூறு வாட்டுக்கு அருகிலான சூடு அந்த மெல்லிய கம்பியில் இறங்கினால் சில நொடிகளில் காயில் கருகிவிடும். இந்த போர்டின் விலையோடு நல்ல ஸ்பீக்கரின் விலையை ஒப்பிட்டால் இதில் மிச்சம் பிடிக்க யாருக்கும் மனம் வராது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னவர் ஆறு வாரம் எடுத்துக்கொண்டார். வைகாசி முதல் நாள் நடக்கும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி மைக் செட் வேலை குவிந்துவிட்டது. அந்தப் பருவத்தில் வீட்டுச் செட் ஆர்டர் கொடுக்காமல் இருப்பது நல்லது. இரண்டாவது குறை வால்யூம் கண்ட்ரோல். முதலில் அவர் போட்டுக் கொடுத்தது 'பி' என்று குறியிட்ட நேர்விகித வகை. குமிழைச் சற்றே திருப்பினாலும் ஒலி குதித்து ஏறியது. அதன் பிறகு கடைசி வரை திருப்பினாலும் பெரிய மாற்றம் இல்லை. காதின் இயல்புக்கு ஏற்றது 'ஏ' என்று குறியிட்ட லாக் (மடக்கை) வகை. அதில் பாதி தூரம் திருப்பும்போது மின்தடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகவே கடந்திருக்கும். என் அம்மா விடியற்காலையில், பிறர் தூக்கம் கலையாதபடி, மிக மெல்லிய ஒலியில் பாட்டுக் கேட்பவர். அந்த அளவில் இடது பக்கம் மட்டும் கேட்டு, வலது பக்கம் ஏறக்குறைய ஊமையாக இருந்தது. மலிவான இரட்டைக் கண்ட்ரோலில் இரண்டு தடங்களும் ஒத்துப்போகாததே காரணம். விவரத்தைச் சொன்னதும் மெக்கானிக் மறுபேச்சில்லாமல் நல்ல லாக் கண்ட்ரோலை வரவழைத்து மாற்றினார். அதற்குத் தனியாக 350 ரூபாய் கொடுத்தேன். முதலிலேயே கேட்டிருந்தால் அது மிச்சம்.

வீட்டில் பொருத்திய முதல் வாரம் எனக்குத் தூக்கம் கெடுத்தது ஓர் இரைச்சல். பாட்டு இல்லாத நேரத்தில் இரண்டு ஸ்பீக்கரிலும் வண்டு ரீங்கரிப்பது போன்ற 'ம்ம்ம்'. வால்யூமைக் குறைத்தாலும் குறையவில்லை. செட்டில்தான் கோளாறு என்று நினைத்துத் தொலைபேசியில் புகார் சொன்னேன். "சார், பின்னாடி இருக்கிற ஒயரையெல்லாம் புடுங்கிட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க" என்றார் மெக்கானிக். எல்லாவற்றையும் கழற்றியதும் ஸ்பீக்கர் நிசப்தமாகிவிட்டது. சிடி பிளேயரை இணைத்தேன், அமைதி. கைபேசி ஒயரை இணைத்தேன்; அமைதி. கேபிள் டிவி பெட்டியிலிருந்து வரும் ஆடியோ ஒயரின் முனை சாக்கெட்டின் விளிம்பைத் தொட்ட அந்தக் கணமே வண்டு திரும்பியது. பெட்டியின் பின்னால் திருகியிருந்த கேபிள்காரரின் கோஆக்சியல் ஒயரைக் கழற்றினால் போய்விட்டது, மாட்டினால் வந்தது.

இதன் காரணம் எளிமையானது. அந்த கேபிளின் உலோக வலை உறை தெருக்கம்பத்தில் எங்கோ ஓர் எர்த்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. ஆம்ப்ளிபயரின் உடல் நம் வீட்டு எர்த்தில் இருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சிறிய வேறுபாடு, ஆடியோ ஒயரின் உலோக உறை வழியாக ஓடி, மின்சாரத்தின் அதிர்வையே ஒலியாக்கிவிடுகிறது. வேறு இன்புட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இது ஓடும். ஏனெனில் எல்லா இன்புட்டுகளின் எர்த்தும் உள்ளே ஒன்றாகவே இருக்கிறது. இரைச்சலைப் போக்க மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிடுவது நம் ஊரில் பலர் செய்யும் வேலை. தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் ஒரு நாள் விட்டுப்போனால், தகரப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறி, குமிழைத் திருப்பும் கையைத் தாக்கும். நான் டிவியின் ஒலியை ஆப்டிகல் ஒயர் வழியாக ஒரு சிறிய டிஜிட்டல் மாற்றிப் பெட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்தேன். ஆப்டிகல் ஒயரில் போவது ஒளி மட்டுமே என்பதால் எர்த் இணைப்பு அறுந்தது. ரீங்காரமும் அன்றோடு நின்றது.

ஸ்பீக்கர் ஒயரில் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு ஒயர் பக்கத்துக்கு ஐந்து மீட்டர் போட்டேன். போக வரப் பத்து மீட்டருக்கும் மின்தடை சுமார் 0.12 ஓம்தான். முனையில் ஓர் இழைகூடப் பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொடாமல் முறுக்கிப் பொருத்த வேண்டும். இரு ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்புக்கே போக வேண்டும். ஒன்று மாறிப்போனால் மிருதங்கத்தின் வலந்தலை தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்க, இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் மட்டும் காணாமற்போகும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, கீச்சொலி தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் காதுக்கு நேராக இருக்கும்படி வைத்தேன். மொசைக் தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்த பிறகு வெறும் அறையின் எதிரொலி அடங்கி, தம்புராவின் சுருதி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றது.

வேலூரில் ஆம்ப்ளிபயருக்கு முதல் எதிரி வெயில். எங்கள் கூடம் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது; கத்திரி வெயிலில் மாலை ஐந்து மணிக்கும் அறைக்குள் 37 டிகிரி. தை மாதத்தில் ஒரு மணி நேரம் பாடிய பிறகு டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் 44 டிகிரி காட்டிய மீட்டர், மே மாதத்தில் அதே ஒலி அளவில் 58 காட்டியது. முதல் கோடையில் அதை டிவி அலமாரியின் மூடிய தட்டில் வைத்திருந்தேன். அங்கே 66 வரை போனது. மேலே அரையடி, இரு பக்கமும் நான்கு விரற்கடை திறந்த இடம் விட்டு மர முக்காலிக்கு மாற்றிய அன்றே எட்டு டிகிரி இறங்கியது. இந்த எட்டு டிகிரி சாதாரணமல்ல. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. கெபாசிட்டரில் 85 டிகிரி வகை, 105 டிகிரி வகை என்று இரண்டு உண்டு. நம் ஊருக்கு 105 என்று அச்சிட்டதையே கேட்டு வாங்க வேண்டும். செட்டின் மேல் அழகுக்காகத் துணி விரிப்பது, டிவி ரிமோட்டும் பூச்சாடியும் வைப்பது ஆகியவற்றை வீட்டில் அனைவரும் விட்டுவிட்டோம்.

அடுத்த எதிரி புழுதி. வறண்ட மாதங்களில் காற்றில் வரும் புழுதி ஹீட் சிங்க்கின் இதழ்களுக்கிடையே போர்வை போலப் படிகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்களை 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் வோல்ட் இல்லை என்று உறுதிசெய்த பின் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறேன். இரண்டு கெபாசிட்டருக்கும் சேர்த்து 84 வோல்ட் தேங்கியிருக்கும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்குவது கண்ணுக்கும் கெபாசிட்டருக்கும் கேடு. முதல் முறை திறந்தபோது ரெக்டிபையரின் அருகில் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. அரை விரற்கடை தள்ளி இரண்டு மின்முனைகளின் குறுக்கே விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணியபோது கை நடுங்கியது. அன்றே காற்றுத் துளைகளுக்கு உட்புறம் கண் பெரிதான அலுமினிய வலை ஒட்டினேன். வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு, குமிழை இருபது முறை முழுதாகத் திருப்பினால் போதும்.

மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் உறுமுகிறது. சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை. ஐப்பசி, கார்த்திகை இடியில் பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். பியூஸ் போனால் அதே 2 ஆம்பியர் ஸ்லோ (சற்றுத் தாமதித்து உருகும்) வகையைத்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றிவிட்டால் அடுத்துப் போவது டிரான்ஸ்பார்மர்.

இந்தக் கருவியிடம் நான் மிகவும் மதிப்பது, மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிவதும், அவை அத்தனையும் லாங் பஜாரிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைப்பதும்தான். இரண்டாம் ஆண்டு முடிவில் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்பீக்கர் முனையில் நேர்மின் அழுத்தம் 14 மில்லி வோல்ட்டே இருந்தது. 50-க்குள் இருந்தால் நல்லது என்றார். டிரான்சிஸ்டர்களில் எப்போதும் ஓடும் சிறு மின்னோட்டமான பயாஸைச் சற்றுத் திருத்தி, டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையிலுள்ள மைக்காத் தகட்டுக்கு அடியில் காய்ந்திருந்த பேஸ்ட்டை மாற்றிக் கொடுத்ததற்கு 200 ரூபாய் வாங்கினார். ஆரணியில் இருக்கும் என் மச்சான் இதைக் கேட்டுவிட்டுத் தனக்கும் ஒன்று சொல்லியிருக்கிறார். செம்பு டிரான்ஸ்பார்மர், 105 டிகிரி கெபாசிட்டர், லாக் வால்யூம், பல்லி வலை ஆகிய நான்கையும் முன்பணம் கொடுத்தபோதே சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டோம். சிரசு முடிந்த மறுவாரம் தருவதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.