மலை இறக்கமும் மேனுவல் காரின் எஞ்சின் பிரேக்கிங்கும்: சில வருட அனுபவம்

என்னுடையது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். ஐந்து கியர் மேனுவல். வீடு கோவையில் என்பதால் கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை என்று வண்டி அடிக்கடி மலை ஏறும். ஏறும்போது பிக்கப் எப்படி, எந்த கியரில் இழுக்கிறது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இறங்கும்போது இந்தக் காலத்து எஞ்சின் எவ்வளவு தூரம் பிரேக் வேலை பார்க்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ உள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அது எங்காவது கழித்தாக வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம். 2 கிலோவாட் கீசர் ஒன்றரை மணி நேரம் ஓடினால் வருகிற சூடு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்தில் உள்ள காரவள்ளிக்கு வருவதற்குள் அவ்வளவும் தீர வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக் தலையில் கட்டினால் டிஸ்க்கும் பேடும் காய்ந்து பிடிப்புக் குறையும். அப்புறம் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 (DOT 3) என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே ஆயிலுக்கு விதிக்கிற அளவு வெறும் 140. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் பொசுக்கென்று உள்ளே போய்விடும்.

இந்தச் சுமையைத்தான் எஞ்சின் பங்கு போட்டுக்கொள்கிறது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் கீழே இறங்கும்போது உறிஞ்சக் காற்று போதாது. வெற்றிடத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அந்த மல்லுக்கட்டும் எஞ்சினின் உள் உராய்வும்தான் பெட்ரோல் காரில் பிரேக்காக நமக்குத் தெரிகிறது. 'கம்ப்ரஷன்தான் பிடிக்கிறது' என்று பலர் சொல்வது பாதிதான் சரி. அமுக்கிய காற்று திரும்ப விரியும்போது பிஸ்டனைத் தள்ளி, வாங்கியதில் பெரும்பங்கைக் கொடுத்துவிடுகிறது.

கியரின் பங்கு எவ்வளவு என்பது கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் நன்றாகத் தெரியும். மூன்றாவது கியரில் காலை எடுத்துவிட்டு விட்டால் என் வண்டி 40-ல் நிற்காது. மெல்ல மெல்ல 50-ஐத் தாண்டும், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவதில் போட்டால் 30-ல் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) முள் 2,000-க்குச் சற்று மேலே இருக்கும். சரிவு கூடினால் 40 வரை போய், முள் 3,000 பக்கம் வந்ததும் வேகம் அங்கேயே நின்றுவிடும். வேகம் கூடக் கூட எஞ்சினின் பிடிப்பும் கூடுவதால்தான் இப்படி. பிரேக் வளைவின் வாசலில் மட்டும் தேவைப்படுகிறது. "ஏன்டா, வண்டி இப்பிடிக் கத்துது?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். கத்தட்டும். 6,000 வரை சுற்றக் கூடிய எஞ்சினுக்கு 3,000 ஒன்றும் பெரிதில்லை, அதுவும் பெட்ரோலே இல்லாமல் சுற்றுகையில்.

பெட்ரோலே இல்லாமல் என்று சொன்னது உண்மையாகத்தான். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மூடிவிடும். சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றும். ஆர்பிஎம் ஐட்லிங்கை நெருங்கும்போது, எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க, மறுபடி திறக்கும். உடனடி மைலேஜ் காட்டும் பட்டை இறக்கத்தில் உச்சியைத் தொட்டு நிற்பது இதனால்தான். ஆக, மைலேஜுக்காக நியூட்ரலில் உருட்டுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். நியூட்ரலில் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும், பெட்ரோலும் குடிக்கும், பிடிப்பும் கிடையாது. சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஓரிரு மிதிக்குப் பிறகு, மிதிக்கு பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டர் காலியாகும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். அவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

புதிய கார்களில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. இப்போது ஆக்ஸிலரேட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது, கம்ப்யூட்டர்தான். புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பல வண்டிகளில் த்ராட்டிலை அது சட்டென்று மூடுவதில்லை. காலை எடுத்த பிறகும் ஆர்பிஎம் ஒரு கணம் தொங்கிக்கொண்டிருந்துவிட்டுத்தான் இறங்கும். பழைய கேபிள் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இந்தத் தாமதம் எரிச்சல் தரும். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ கார்கள் இன்னொரு வகை. ஏற்றத்தில் பறக்கும், இறக்கத்தில் எஞ்சின் சின்னது என்பதால் பிடிப்பும் சின்னதுதான். மச்சானின் 1.5 டீசலில் ஏற்காடு இறங்கியபோது, டீசல் என்றால் நன்றாகப் பிடிக்கும் என்று அவர் சொல்லியிருந்த அளவுக்கு மூன்றாவது கியரில் பிடிக்கவில்லை. டீசலில் காற்றை நெரிக்கும் த்ராட்டில் வேலை அனேகமாக இல்லை. உராய்வு அதிகம் என்றாலும் வண்டியின் எடையும் அதிகம். லாரிகளுக்குப் புகை வெளியேறும் வழியை அடைத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்று வைப்பது இதற்காகத்தான்.

கியர் குறைப்பதில் ஒரே வழக்கம் வைத்திருக்கிறேன்: இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டு, இரண்டாவது. கிளட்ச்சை விடும் முன் ஆக்ஸிலரேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டினால் குலுக்கல் இருக்காது, கிளட்ச் பிளேட்டும் தேயாது. வேகம் ஏறிய பிறகு பதறிப்போய் முதல் கியருக்குத் தள்ளுவது ஆபத்து. ஆர்பிஎம் எல்லை மீறினால் கம்ப்யூட்டரால் பெட்ரோலை நிறுத்த முடியும். சக்கரம் எஞ்சினைச் சுழற்றுவதை நிறுத்த முடியாது. வால்வு வளைந்துவிடலாம்.

செலவுக் கணக்குக்கு வந்தால், 60,000 கி.மீ. தாண்டியும் அதே கிளட்ச் பிளேட்தான். போன சர்வீஸில் முன் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், "பேடு இன்னும் பாதி கெடக்குதுங்ணா, மலைப் பக்கமே போறதில்லீங்களா?" என்றார். பிரேக் ஆயிலை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேட்டு மாற்றிவிடுகிறேன். கேட்காவிட்டால் பல இடங்களில் மாற்றுவதில்லை.

மழையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். முன் சக்கர டிரைவ் காரில் எஞ்சினின் பிடிப்பு முன் டயர்களில் மட்டும்தான் விழும். ஈரச் சாலையில், இலைச்சருகு கிடக்கிற வளைவில், கிளட்ச்சைப் படாரென்று விட்டால் டயர் வழுக்கும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதைக் கவனிக்காது, அது பிரேக் மிதிக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும்.

சமவெளியிலும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அவிநாசி சாலையில் தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்து, கியரைக் குறைத்து, மெல்ல வேகத்தை இறக்குவேன். வண்டி நன்றாகவே மெதுவாகும், ஆனால் பின்னால் பிரேக் விளக்கு எரியாது. ஒட்டிக்கொண்டு வருகிற பைக்காரருக்கு நாம் வேகம் குறைப்பது தெரிய வழியில்லை. அதனால் பிரேக் பெடலை விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும் ஒருமுறை தொட்டுவிடுகிறேன்.