போர் வந்தால் வீட்டில் என்ன இருக்க வேண்டும்? ஸ்வீடன் அரசின் 32 பக்கக் கையேடு

2024 நவம்பரில் ஸ்வீடன் அரசு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அனுப்பிய 'நெருக்கடியோ போரோ வந்தால்' கையேட்டில் துப்பாக்கியைவிடத் தண்ணீர்க் கேனுக்குத்தான் வேலை அதிகம். 16 முதல் 70 வயது வரை எல்லோருக்கும் நாட்டுப் பாதுகாப்பில் கடமை உண்டு என்பது அந்நாட்டுச் சட்டம். முதல் வாரத்தைச் சொந்தக் கையிருப்பில் ஓட்டத் தயாராக இருக்கச் சொல்கிறது கையேடு. திடமானவர்கள் சமாளித்துக்கொண்டால்தான் உதவி முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் முதலில் போய்ச் சேரும்.

தண்ணீர்க் கணக்கு தெளிவு: பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 3 லிட்டர். நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு 84 லிட்டர் ஆகிறது. 20 லிட்டர் கேன்களை வாங்கி அடுக்கிவிடலாம்தான், ஆனால் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றால் 20 கிலோவை மாடியேற்ற வேண்டும். 10 லிட்டர் கேன்களே மேல். பாட்டிலில் நீர் பிடித்து ஃப்ரீசரில் வைப்பவர்கள் கழுத்துவரை நிரப்பக் கூடாது. உறையும்போது நீர் விரிந்து பாட்டிலைப் பிளந்துவிடும்.

ஒரு வாரத்துக்கான ரொக்கம், அதுவும் பல மதிப்பு நோட்டுகளாக வேண்டும் என்கிறது கையேடு. கார்டும் செல்போனும் கொண்டே காய்கறி வாங்கிப் பழகிய நாட்டில் இதுதான் பலருக்குச் சங்கடமான பக்கம். பெரிய நோட்டை நீட்டினால் மீதிச் சில்லறைக்குக் கடைக்காரர் எங்கே போவார்? கடவுச்சொல், பொய்ச் செய்தி பற்றிய பக்கங்களும் உண்டு. 'எதிர்ப்பைக் கைவிடுங்கள்' என்று எந்தத் தகவல் வந்தாலும் அது பொய் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நல்ல வரி.

சிக்கல் சைரனில். 7 விநாடி ஒலித்து 14 விநாடி ஓய்ந்தால் பொது எச்சரிக்கை: உள்ளே போய், ஜன்னலையும் காற்றுத் துளைகளையும் அடைத்து, ஸ்வீடன் பொது வானொலியின் பி4 அலைவரிசையைக் கேட்க வேண்டும். குறுகிய ஒலிகளாக விட்டுவிட்டு வேகமாக ஒரு நிமிடம் வரை அலறினால் வான்தாக்குதல். இவை இரண்டும் குழப்பாது. ஆனால் 'ஆபத்து நீங்கியது' என்பதற்கு 30 விநாடி நீண்ட ஒலி; போர் அபாய அறிவிப்பும் அதே 30 விநாடி ஒலியில்தான் தொடங்குகிறது, 15 விநாடி இடைவெளி விட்டு ஐந்து நிமிடம் தொடர்கிறது. முதல் அரை நிமிடத்தில் காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஒலி நின்றதும் பதினைந்து எண்ணிப் பார்த்து, மீண்டும் ஒலிக்காவிட்டால்தான் கதவைத் திறக்கலாம்.