93–89: கிளீவ்லாந்து வழியா, கோல்டன் ஸ்டேட் வழியா?

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் கூடைப்பந்து ஆடும் பையன்களிடம் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பெயர்கள் இரண்டுதான்: ஸ்டீஃபன் கரி அல்லது லெப்ரான் ஜேம்ஸ். பேச்சு சூடாகும்போது அது ஆட்டமுறை பற்றிய சண்டையாக மாறிவிடும். தூரத்தில் நின்று மூன்று புள்ளி அடிப்பதா, உள்ளே புகுந்து ரிங்குக்குப் பக்கத்தில் அடிப்பதா? இரண்டையும் தராசில் வைக்க எனக்குத் தெரிந்து ஒரு ஆட்டம்தான் சரியாகப் பொருந்தும். 2016 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லாந்தில் நடந்த, அந்நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏயின் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். நமக்கு அது ஜூன் 20, திங்கட்கிழமை விடிகாலை.

கரியின் அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அந்த சீசனில் 73 வெற்றி, 9 தோல்வி. கரி மட்டும் 402 மூன்று புள்ளி ஷாட்டுகள் போட்டிருந்தார். முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்கே கோப்பை என்ற இறுதித் தொடரில் 3–1 என்று முன்னே போய், பிறகு இரண்டு ஆட்டங்களை லெப்ரானின் அணியான கிளீவ்லாந்து கேவலியர்ஸிடம் இழந்தார்கள். ஆறு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்கள்: வாரியர்ஸ் 610, கேவலியர்ஸ் 610. ஏழாவது ஆட்டம் தொடங்கும்போது இரண்டு அணிக்கும் நடுவில் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை.

சரி, அன்றைய கணக்குக்கு வருவோம். மூன்று புள்ளி ஷாட்டில் வாரியர்ஸ் 41 முயன்று 15 போட்டார்கள். கேவலியர்ஸ் 25 முயன்று வெறும் 6. புள்ளியாகப் பார்த்தால் வாரியர்ஸ் 45, கேவலியர்ஸ் 18. இந்த ஒரு வகையில் மட்டும் வாரியர்ஸ் 27 புள்ளி முன்னிலை. இதை மட்டும் ஒருவரிடம் காட்டினால், ஜெயித்தது வாரியர்ஸ்தான் என்று அடித்துச் சொல்லிவிடுவார்.

ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே கணக்கு தலைகீழ். இரண்டு புள்ளி ஷாட்டில் கேவலியர்ஸ் 57-க்கு 27 (57 முயன்று 27 விழுந்தன), அதாவது 54 புள்ளி. வாரியர்ஸ் 42-க்கு 17, வெறும் 34. இதில் 20 புள்ளி திரும்ப வந்துவிட்டது. மீதி ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஒரு புள்ளி ஷாட்) வந்தது: கேவலியர்ஸ் 25-க்கு 21, வாரியர்ஸ் 13-க்கு 10. அங்கே 11 புள்ளி. இருபதும் பதினொன்றும் 31. அதில் 27 போனால் நான்கு. 93–89 என்ற முடிவுக்குள் இருப்பது இந்தக் கழித்தல்தான். ஃப்ரீ த்ரோ பயிற்சி என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பக் காட்ட விரும்புவது அந்தப் பதினொன்றைத்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாரியர்ஸ் போட்ட 15 மூன்று புள்ளி ஷாட்டுகளில் 6 டிரேமண்ட் கிரீன் போட்டவை. அவர் முயன்றதே 8 தான். அவரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து 33-க்கு 9. கரி 14-க்கு 4, கிளே தாம்ப்சன் 10-க்கு 2. உலகத்தின் மிகச் சிறந்த இரண்டு ஷூட்டர்கள் சேர்ந்து 24-க்கு 6! 25 சதவீதம். கேவலியர்ஸ் அணி முழுவதும் அன்று எடுத்த சதவீதம் 24. தூரத்து ஷாட்டில் வாரியர்ஸ் முன்னிலை என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரே ஒரு ஆளின் முன்னிலை.

அப்படியானால் அன்றைக்குச் சிறந்த ஆட்டக்காரர் யார்? இந்த இடத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். கிரீன்: 32 புள்ளி, 15 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடித்தது), 9 அசிஸ்ட் (கூட ஆடுபவர் புள்ளி போடக் கொடுத்த பாஸ்), 15 ஷாட்டில் 11 விழுந்தன. லெப்ரான்: 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட், 24 ஷாட்டில் 9 மட்டுமே. காகிதத்தில் கிரீன்தான் மேல், சந்தேகமே இல்லை. தோற்ற அணியில் இருந்ததால் அவருடைய அந்த ஆட்டத்தை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஆனாலும் கையில் ஒரு பெயரை மட்டும் எழுதச் சொன்னால் லெப்ரான் என்றுதான் எழுதுவேன். கிரீனின் 32-ல் 22 முதல் பாதியில் வந்தவை. லெப்ரானின் கனம் கடைசியில் வந்தது. நான்காம் கால் பகுதியில் கேவலியர்ஸ் பின்தங்கியிருந்த நேரத்தில் மூன்று ஃப்ரீ த்ரோ, உடனே ஒரு மூன்று புள்ளி ஷாட் என்று ஆறு புள்ளியைத் தொடர்ந்து அவரே போட்டார். அன்று அவர் போட்ட ஒரே மூன்று புள்ளி ஷாட் அதுதான். பிறகு தாம்ப்சன் 89–89 என்று சமன் செய்தபோது மீதி 4 நிமிடம் 39 வினாடி. அதற்குப் பிறகு வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுவாடாலா லே-அப்புக்கு (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் போடும் ஷாட்) போனபோது பின்னாலிருந்து ஓடிவந்து போர்டில் வைத்துத் தடுத்தாரே லெப்ரான், அதுவும் இந்த இடைவெளியில்தான். புள்ளிப் பட்டியலில் அது "பிளாக் 3" என்பதில் ஒன்றாக அடங்கிவிடுகிறது.

கேவலியர்ஸின் கைரி இர்விங், கரி ஒப்பீட்டில் அதிகம் சொல்ல இல்லை. இர்விங் 26 புள்ளி, கரி 17. மீதி 53 வினாடி இருக்கும்போது கரியின் முகத்துக்கு நேரே இர்விங் போட்ட மூன்று புள்ளி ஷாட் 92–89 ஆக்கியது. உள்ளே புகுந்து ஆடிய அணியின் வெற்றி ஷாட் தூரத்திலிருந்து வந்தது என்பதை லெப்ரான் கட்சிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்; அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி இவர்கள் யாருடையதும் இல்லை. கேவலியர்ஸின் கெவின் லவ்: 9 புள்ளி, 14 ரீபவுண்ட், பிளஸ் 19. அதாவது அவர் களத்தில் இருந்த நேரத்தில் கேவலியர்ஸ் 19 புள்ளி முன்னே. அவர் வெளியே உட்கார்ந்த நேரத்தில் 15 புள்ளி பின்னே. அணியின் மொத்த ரீபவுண்டும் 48–39 என்று கேவலியர்ஸ் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

இதை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் என் தீர்ப்பு இன்னும் தெளிவாகிறது. என்பிஏ ஆட்டம் கூரைக்குக் கீழே, காற்றில்லாத அரங்கில் நடப்பது. நம் பிள்ளைகள் ஆடுவது திறந்த சிமெண்ட் தரையில். காற்று கூடினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கும் பகுதி இது. கச்சான் காற்று பிடித்துவிட்டால் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து போன பந்து ரிங்கைத் தொடாமலே பக்கவாட்டில் இறங்கும். அதே காற்றில் லே-அப்புக்கு ஒன்றும் ஆகாது. ஃப்ரீ த்ரோ கோடு பலகையிலிருந்து 4.60 மீட்டர்தான், அங்கே பாதிப்பு குறைவு. நேரமும் வேறு: அங்கே 48 நிமிடம், நம் மாவட்டப் போட்டிகளில் 40 நிமிடம். பத்து ஷாட் தவறவிட்டு மீண்டும் எழுந்துவர அவ்வளவு அவகாசம் கிடைக்காது.

அதனால் இங்கே ஒரு பள்ளி அணி கிளீவ்லாந்து வழியில் போவதே நல்லது. முதலில் உள்ளே புகுவது, ஃபவுல் வாங்குவது, ஃப்ரீ த்ரோவைத் தவறவிடாமல் இருப்பது, தவறிய பந்துக்கு இரண்டு பேர் பாய்வது. கரி மாதிரி அடிக்க ஆசைப்படும் பையனைத் தடுக்க வேண்டாம். காற்றில்லாத விடியற்காலையில் அவன் தாராளமாகப் பழகட்டும். மாலை ஆட்டத்தில் அணியின் திட்டம் அதை நம்பி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் நம்மிடம் கணக்கு இருக்கிறதா என்றால், இல்லை. போட்டி மேசையில் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் யார் எத்தனை புள்ளி, எத்தனை ஃபவுல் என்பது இருக்கும். ரீபவுண்ட் இருக்காது, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி ஷாட்டுகளில் எத்தனை தவறின என்பதும் இருக்காது. பெஞ்சில் உட்காரும் பிள்ளை ஒருவரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே நான்கு கட்டம் போதும்: உள்ளே அடித்தது, தூரத்தில் அடித்தது, ஃப்ரீ த்ரோ, ரீபவுண்ட். முதல் மூன்றில் விழுந்ததற்கு டிக், தவறியதற்கு கோடு.