பூவைப் பார்த்து வாங்குவதா, இலையைப் பார்த்து வாங்குவதா?

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் வழியில் எங்கள் நர்சரி இருக்கிறது. அப்பா காலத்தில் தென்னை, ரப்பர், கமுகு, மா, சக்கை (பலா) ஒட்டுத் தைகள், அதாவது கன்றுகள், இவ்வளவுதான் வியாபாரம். இப்போது பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் “பட்டாம்பூச்சி வர்ற செடி இருக்கா?”, “தேனீ வர என்ன வைக்கலாம்?” என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதே பெரிய சந்தோஷம். ஆனால் எதை எடுத்துக் கொடுப்பது என்பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. அண்ணன் சொல்வது தொட்டி நிறையப் பூத்து நிற்கும் பென்டாஸ், லந்தானா, கொடிரோஸ். மைனியும் (அண்ணி) நானும் நாட்டுச் செடிகள் பக்கம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த பட்டாம்பூச்சிக்கு வேண்டியது தேன். அது அமெரிக்கச் செடியின் பூவிலும் குடிக்கும், வேலியோரத் தும்பையிலும் குடிக்கும். உறிஞ்சுகுழல் எட்டினால் போதும். புழுவின் விஷயம் வேறு. அநேகமாக ஒவ்வொரு இனத்தின் புழுவும் சில குறிப்பிட்ட செடிகளின் இலையைத்தான் தின்னும். அந்தச் செடி இல்லாத தோட்டத்துக்குத் தாய்ப்பூச்சி வரும், குடிக்கும், முட்டையிடாமல் போய்விடும். ஆகவே ஒரு செடிக்கு மார்க் போடும்போது பூவில் யார் உட்காருகிறார்கள் என்பதோடு, இலையை யார் தின்கிறார்கள் என்றும் கேட்கிறேன். அண்ணன் பக்கத்துச் செடிகள் பெரும்பாலும் தோற்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

தெத்தியும் குட்டை இட்லிப்பூவும்

இது சுலபமான ஜோடி. சிவப்பு நாட்டுத் தெத்தி, அதாவது வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. பூக்குழல் நீளமானது, தேன் அதன் அடியில் இருக்கிறது. சின்ன வயதில் பூவைப் பிடுங்கி அந்த ஒரு துளியை உறிஞ்சாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. தேனீயின் நாக்கு அவ்வளவு ஆழம் எட்டாது. நீல அழகி, கறிவேப்பிலை அழகி மாதிரி நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய பட்டாம்பூச்சிகளுக்கு எட்டும். மங்கி பஸில் என்ற சின்னப் பட்டாம்பூச்சியின் புழுவுக்குத் தெத்தி இலை உணவு. பழுத்தால் கொண்டைக்குருவியும் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

குட்டை இட்லிப்பூ தொட்டியில் அடங்கும், வரிசையாக நட்டால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அதை வாங்குகிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறை சதுரமாகக் கத்தரித்துவிடுகிறார்கள்; பூ வர வேண்டிய நுனி அதோடு போய்விடுகிறது. மதிலுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு அடி இடம்தான் என்றால் குட்டையை வாங்குங்கள். நாலடி அகலம் கிடைக்கும் என்றால் தெத்திதான்.

பென்டாஸ் சரி, லந்தானா வேண்டாம்

லந்தானாவில், அதாவது உண்ணிச்செடியில், பட்டாம்பூச்சி மொய்க்கும். அதை யாரும் மறுக்க முடியாது, அண்ணனின் பலமான வாதமும் அதுதான். பூவுக்கு முழு மார்க் கொடுத்துவிடலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்த அந்தச் செடி இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஆள் நுழைய முடியாத புதராக நிற்கிறது. அதன் அடியில் புல் வருவதில்லை, நாட்டு மரக்கன்று எழும்புவதில்லை. விதையைக் கொண்டு போவது பறவை. நம் மதிலில் பழம் தின்கிற கொண்டைக்குருவிக்கு நெய்யாறு காட்டோரமும் பேச்சிப்பாறை மலையடிவாரமும் எட்டாத தூரம் இல்லை, கைமாறிக் கைமாறி விதை போய்ச் சேரும். குட்டை ரகம் காய்க்காது என்று சொல்லி விற்கிறார்கள்; எங்கள் தொட்டியிலேயே கருப்புப் பழம் பார்த்திருக்கிறேன்.

பென்டாஸும் வெளிநாட்டுச் செடிதான். ஆனால் இங்கே அது தொட்டியை விட்டுக் காட்டுக்குப் போவதை நான் பார்த்ததில்லை, பட்டாம்பூச்சியும் நன்றாக வருகிறது. நாட்டுச் செடி என்ற பிடிவாதத்துக்காக அதைத் தள்ளமாட்டேன். தேனுக்கு மட்டும் ஒரு செடி வேண்டும், இடமும் கொஞ்சம்தான் என்றால் பென்டாஸ் வாங்கிக்கொண்டு போங்கள்.

எருக்கும் மில்க்வீடும்

எனக்கு உண்மையிலேயே கஷ்டமான ஜோடி இது. சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மில்க்வீட் அமெரிக்க வெப்பநாட்டுச் செடி. ஆனாலும் இலைக் கேள்வியில் அது பாஸாகிவிடுகிறது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு எருக்கைத் தின்பது போலவே இதையும் தின்னும். தொட்டியில் வளரும், வருஷம் முழுக்கப் பூக்கும், பூவும் இலையும் ஒரே செடியில் கிடைக்கும். பிளாட்டில் இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான செடி என்னிடம் இல்லை.

குறை எங்கே என்றால், இலை சின்னது. வெந்தய வரியன் இலையின் அடியில் ஒவ்வொரு முட்டையாக வைத்துக்கொண்டே போகும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு வரும் புழு முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டுவிட்டு அப்புறம்தான் தின்ன ஆரம்பிக்கும். ஐந்தாறு புழு சேர்ந்துவிட்டால் ஒரு மில்க்வீட் வெறும் குச்சியாகிவிடும். பாதி வளர்ந்த புழு பட்டினியில் கீழே இறங்கி அலையும். விதையும் பஞ்சோடு பறந்து அக்கம்பக்கத்துக் காலி மனையில் முளைக்கும்.

எருக்கு அப்படியில்லை. உள்ளங்கையைவிடப் பெரிய தடித்த இலை, வேர் ஆழம், தண்ணீர் கேட்காது. பத்துப் புழு தின்றாலும் நிற்கும். பூவில் தேன் எடுக்கப் பெரிய கருவண்டு மாதிரி தச்சுத்தேனீ வரும். எருக்கின் மகரந்தப் பொட்டலத்தைக் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குக் கொண்டுபோவது முக்கியமாக அதுதான். ஆனால் எருக்கை விற்பது பெரிய பாடு. “வீட்ல எருக்கு மொளைக்கன்னு சாபம் விடுவாங்களே, அதைக் காசு கொடுத்து வாங்கவா?” என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். இதற்கு மைனி ஒரு வழி கண்டுபிடித்தார்: வெள்ளெருக்கு. அது பிள்ளையாருக்கு உகந்தது, வீட்டில் வைத்தால் நல்லது என்று அதே ஆட்கள் தேடி வாங்குவார்கள். வெந்தய வரியனுக்கு வெள்ளையும் நீலமும் ஒன்றுதான். கன்றாக இருக்கும்போதே நிரந்தர இடத்தில் நட்டுவிட வேண்டும், வளர்ந்தபின் பிடுங்கி நட்டால் பிழைக்காது. இரண்டு செடியின் பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து, ஒடித்த கையை உடனே கழுவுங்கள்.

நிலம் இருந்தால் எருக்கு, மாடி என்றால் மில்க்வீட். மில்க்வீட் வைத்தால் காய் வெடிக்குமுன் கிள்ளிவிடுங்கள்.

ஈஸ்வரமூலிக்கு மாற்று இல்லை

மேலே சொன்ன மாதிரி விட்டுக்கொடுக்க இங்கே எனக்கு மனமில்லை. ரோஜா அழகி, சிவப்புடல் அழகி இரண்டின் புழுவும் ஈஸ்வரமூலிக் குடும்பத்துக் கொடிகளைத்தான் தின்னும். தென்னிந்தியாவின் மிகப்பெரிய பட்டாம்பூச்சியான பொன்னழகிக்கும் அதே குடும்பம்தான். அது குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மலையடிவாரத் தோட்டங்களில் பறக்கும். அங்கே இருப்பவர்கள் கொடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கலாம்.

போட்டிக்கு நிற்பது, அழகுக்காக விற்கப்படும் அமெரிக்க ஈஸ்வரமூலி வகைகள். பூ வாத்துத் தலை மாதிரி விசித்திரமாக இருக்கும், ஒரே வருஷத்தில் பந்தல் மூடும். எங்கள் நாட்டுக்கொடி அதன் பக்கத்தில் நோஞ்சானாகத்தான் தெரியும். ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே தோட்டங்களில் பரவிய ஒரு அமெரிக்கக் கொடியை ரிச்மண்ட் பர்ட்விங் என்ற பெரிய பட்டாம்பூச்சி தன் கொடி என்று நம்பி முட்டையிட்டது, அந்த இலையைத் தின்ற புழுக்கள் செத்தன. அதே வகைக் கொடியை இங்கே பட்டாம்பூச்சிக்கென்று வாங்கி வைக்கச் சொல்ல என்னால் முடியாது.

நாட்டுக்கொடியிலும் சிரமம் உண்டு. விதை முளைக்க நாளாகும், முதல் வருஷம் மெதுவாகத்தான் ஏறும். ஒரே கொடி வைத்தால் புழு மொட்டையடித்துவிடும். மூன்று நாலு கொடி சேர்த்து வையுங்கள், ஒன்று தளிர்க்கும்போது இன்னொன்று தாங்கும். அப்புறம், பாம்புக்கடிக்கு மருந்து என்று கேட்டு வருகிறவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறோம். அதில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். கஷாயம் வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிதான்.

தேனீக்காரர்களுக்கு

எங்கள் பக்கத்தில் தேன் என்றால் ரப்பர் தேன். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும்போது, மூன்று சிற்றிலை சேரும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளில் தேன் கசியும். தை, மாசியில் தொடங்கிக் கோடைமழை வரை அந்த வரத்து. அது முடிந்து தென்மேற்கு மழை பிடித்தால் பெட்டியில் பஞ்சம். சர்க்கரைப் பாகு வைத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

இந்த இடத்தில் அண்ணனின் கொடிரோஸ் ஜெயிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். மெக்சிகோ கொடிதான், ஆனால் மழை கொஞ்சம் விட்டாலும் பூக்கும், அடுக்குத்தேனீயும் கொசுத்தேனீயும் காலையிலிருந்தே அதில்தான். நாட்டு மரங்களில் புங்கும் நாவலும் தேனீக்கு அருமையானவை, ஆனால் அவை பூப்பது கோடையில், வளர வருஷங்களும் இடமும் வேண்டும். இரண்டு பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரருக்குக் கொடிரோஸை மறுக்க மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துப் பரவும் கொடி அது. மதிலோடு நிறுத்துங்கள், பிடுங்கிய கிழங்கை ஆற்றோரத்திலோ கால்வாயிலோ எறியாதீர்கள்.

பெட்டித் தேனீ மட்டும் போதாது. கத்தரியின் மகரந்தம் நுனித்துளை வழியாகத்தான் கொட்டும், அதற்குப் பூவைப் பிடித்து அதிர வைக்க வேண்டும். பெட்டித் தேனீக்கு அது வராது. வயிற்றில் நீலப் பட்டை உள்ள தனித்தேனீயும் தச்சுத்தேனீயும் செய்யும். நீலப்பட்டைத் தேனீ மண் திட்டிலும் பழைய மண்சுவரிலும் துளை போட்டு வாழ்வது. முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டுவிட்டுக் கத்தரி காய்க்கவில்லை என்று உரம் வாங்க வருகிறார்கள்!

அடுக்குப் பூ பற்றிச் சுருக்கமாக: அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை இவற்றில் மகரந்தத்தாள்கள் இதழாகிவிடுகின்றன. பூச்சிக்கென்றால் ஒற்றையை வாங்குங்கள்.

காசு வாங்காமல் கொடுப்பவை

தும்பையை நாங்கள் விற்பதில்லை. நாற்றாகப் பிடுங்கி நட்டால் வராது, விதை போட்டால் தானாக வரும். ஓண நேரத்தில் அத்தப்பூவுக்குத் தும்பை தேடி கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள். களைக்கொல்லியும் புல்வெட்டும் மெஷினும் வந்தபின் அங்கே வேலியோரத்தில் அது அரிதாகிவிட்டது. கிலுகிலுப்பை விதையையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறோம். அதன் பூ மஞ்சளாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் நீல வரியன் பட்டாம்பூச்சிகள் கூடுவது வாடிய தண்டிலும் காய்ந்த இலையிலும். ஆண் பூச்சிகள் அந்தச் சாற்றிலிருந்து எடுக்கும் நச்சுப்பொருளை வைத்துத்தான் பெண்ணை ஈர்க்கும் வாசனையை உண்டாக்குகின்றன. ஒரே தண்டில் இறக்கையோடு இறக்கை இடித்துக்கொண்டு, பக்கத்தில் போனாலும் எழும்பாமல் உட்கார்ந்திருக்கும். பென்டாஸ் எத்தனை தொட்டி வைத்தாலும் அது கிடைக்காது.

எந்தச் செடி என்பதைவிட எங்கிருந்து வந்த செடி என்பது சில சமயம் முக்கியம். மொத்த வியாபாரத்துக்கு வளர்க்கிற கன்றுகளில் இலையில் ஒரு ஓட்டை இருந்தாலும் விலை போகாது. அதனால் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தை வேரில் ஊற்றிவிடுகிறார்கள். அது செடிக்குள் ஏறி இலை, மகரந்தம், தேன் எல்லாவற்றிலும் இருக்கும். ஒருமுறை வெளியிலிருந்து வாங்கிய கறிவேப்பிலைக் கன்றுகளில் கறிவேப்பிலை அழகி முட்டையிட்டது. பறவை எச்சம் மாதிரி இருக்கும் குட்டிப் புழுக்கள் இரண்டாம் நாளே சுருண்டு விழுந்தன. அதிலிருந்து இலைக்காக விற்கும் செடிகளை நாங்களே விதையிலும் பதியனிலும் எடுக்கிறோம். எந்த நர்சரியில் வாங்கினாலும் வேருக்கு என்ன ஊற்றினீர்கள் என்று கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் புழு கடித்த ஓட்டை உள்ள கன்றாகப் பார்த்து எடுங்கள்.

மூன்று சென்ட் முற்றம் உள்ள ஒருவர் இப்போது வந்தால் நான் எடுத்து வைப்பது இவை: வெயில்படும் மதிலோரம் இரண்டு தெத்தி, மூலையில் ஒரு வெள்ளெருக்கு, வேலியில் நாலு ஈஸ்வரமூலி, சமையலறைப் பின்புறம் ஒரு கறிவேப்பிலையும் ஒரு எலுமிச்சையும், வாசலில் அண்ணன் மனதுக்காக ஒரு தொட்டி பென்டாஸ். முதல் மழை விழுந்த வாரத்தில் நடுங்கள். கிலுகிலுப்பை விதையை வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டுவிட்டு விதையுங்கள். ஊறி உப்பாத விதையை மறுபடியும் ஊறப் போடுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.