வாரம் ஒன்றா, ஒரே மூச்சிலா?

2013-இல் நெட்பிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் முதல் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. ஒரே மூச்சில் பார்க்கும் பழக்கம் அதன்பின் வேகமாகப் பரவியது. பிள்ளைக்குக் காய்ச்சல், வெளியே விடாத மழை என்றால் அது வசதிதான்.

ஆனாலும் நான் வாரம் ஒரு பகுதியின் பக்கம். இடைப்பட்ட நாள்களில்தான் கதை எங்கள் வீட்டுக்குள் வருகிறது. “வில்லன் அவனில்லை அம்மா, அவன் அக்காதான்!” என்று துணி மடித்தபடியே மகள் வாதாடுகிறாள். அதிகம் பேசாத மகன்கூடச் சாப்பாட்டு மேசையில் எதிர்வாதம் வைக்கிறான். எனக்கு அது திருவிழா!

மொத்தமாகப் பார்த்தால் ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு வேகம். “முடிவைச் சொல்லிவிடாதே” என்பதே மிச்சப் பேச்சு. அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை அமைப்புகளில் நிறுத்திவிட்டால், மொத்தமாக வந்த தொடரையும் வாரம் ஒன்றாகப் பார்க்கலாம்.