பாயான் பாருவா, செபராங் ஜெயாவா?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு பினாங்கு வருகிறவர்களுக்கு முதல் குழப்பம் இதுதான். தீவிலேயே பாயான் பாருவில் தங்குவதா, அக்கரையில் பெருநிலத்தில் செபராங் ஜெயாவில் வீடு பார்ப்பதா?

வாடகை: பாயான் பாருவில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அடுக்குமாடி வீடு. செபராங் ஜெயாவில் அதே பணத்துக்குத் தரைவீடே பார்க்கலாம்.

பயணம்: பாயான் பாருவிலிருந்து தொழிற்சாலை பக்கம்தான். செபராங் ஜெயா என்றால் தினமும் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம். காலையில் எல்லோரும் தீவை நோக்கித்தான் கிளம்புகிறார்கள். ஒரு விபத்து நடந்தால் போதும், நடுப்பாலத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தீவுக்குப் போகும்போது காருக்கு டோல் உண்டு, மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் இல்லை. வாடகையில் மிச்சமாவதிலிருந்து டோலையும் பெட்ரோலையும் கழித்துவிட்டு முடிவெடுங்கள்.

தமிழ்ப்பள்ளி: தீவில் சுங்கை ஆரா, பாயான் லெப்பாஸ், அக்கரையில் பிறை. வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பள்ளியில் இடம் கேட்டுவிடுங்கள்.

சொந்த ஊர் போக: செபராங் ஜெயாதான் வசதி. நெடுஞ்சாலையும் பட்டர்வொர்த் ரயில் நிலையமும் அருகில்.

கணவன், மனைவி இருவருக்கும் வேலை, பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் தயங்காமல் பாயான் பாரு. வயதான பெற்றோர் கூட இருக்கிறார்கள், வேலையும் ஷிப்டில் என்றால் செபராங் ஜெயா.